நான் ரிஜெக்ட் செய்த இருபது

நான் ஒரு முட்டாள். விளையாட்டுப் பகடையை வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்தவன். சிரித்துக்கொள்ளுங்கள்... இப்போதே சிரித்துவிட்டால் பின்னால் வருவதைக் கேட்பது உங்களுக்குச் சுலபம். எனக்கும்தான்.

வெறும் முட்டாள்தனம் என்றால் எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன். நல்ல பகடை என்று தெரிந்தே அதைக் கெட்டது என்றேன். குற்றம் அது.

ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதகன். லைனிலிருந்து வருவதை அளந்து 'ஓகே' என்பேன். இல்லையென்றால் 'ரிஜெக்ட்' என்று என் சிவப்புப் பெட்டியில் போடுவேன். நாள் முழுக்க இந்த இரண்டே சொல். ஜோசியக்காரன் கிளிக்குக்கூட இதைவிட வேலை அதிகம்!

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மட்டும் நான் உலகத்தைப் படைப்பவன். குன்றத்தூரில், அதே லைனில் வேலை செய்யும் ஆரோக்கியராஜின் வீட்டு முன்னறையில், மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை விளையாட்டு ஆடுவோம். ஆளுக்கொரு வீரன். நான் கதைசொல்லி, குகையும் காடும் பூதங்களும் என் வாயிலிருந்து வரும். தன் வீரன் என்ன செய்கிறான் என்று ஆடுபவர் சொல்வார். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும்.

அங்கேதான் மகேஸ்வரியை ஆரோக்கியராஜ் அழைத்து வந்தான். சிவகங்கைப் பக்கத்துப் பெண். வடக்குப்பட்டு விடுதியில் தங்கி எங்கள் லைனில் வேலை. அந்த வாரம்தான் அவள் ட்ரே ஒன்றை முழுதாக ரிஜெக்ட் செய்திருந்தேன். எல்லோர் முன்னாலும் சூப்பர்வைசர் அவளைப் பார்த்துக் கத்தினார். அளவு தப்பு, அதில் எனக்கு உறுத்தல் இல்லை.

இருபது முகப் பகடையை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துக் கேட்டாள்: "இங்கயாவது யாரும் செக் பண்ண மாட்டீங்கள்ல?"

நான் உபதேசம் செய்தேன்... ஆஹா, என்ன உபதேசம்! "இருபது முகம். எது வேணா மேல வரலாம். போன தடவை என்ன விழுந்ததுன்னு இதுக்கு ஞாபகம் கிடையாது. உருட்டுறது யாருன்னும் தெரியாது. விழுந்தது விழுந்ததுதான். நானே நெனச்சாலும் மாத்த முடியாது."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் அவள் வாராவாரம் வந்தாள் என்று நினைக்கிறேன். தனக்கென்று ஒரு பச்சைப் பகடை வாங்கினாள். தன் வீராங்கனைக்கு வேங்கை என்று பேர் வைத்தாள். லைனில் குனிந்த தலை நிமிராதவள், இங்கே மேசையைத் தட்டிக் கூவுவாள்: "வேங்கை வாரா, வழிய விடுங்கடா!"

பிறகு நான் ஒரு கல்ராட்சசனைப் படைத்தேன். மாதக்கணக்கில் செதுக்கினேன். அவன் பேச வேண்டிய வசனங்களைக் கண்ணாடி முன் நின்று பழகினேன். அவனைச் சாய்க்க ஒரே குறுக்கு வழி வைத்தேன்: நெற்றிக்கண்ணில் ஈட்டி பாய வேண்டும், அதற்குச் சரியாக இருபது விழ வேண்டும். இருபதில் ஒரு வாய்ப்பு. சாயங்காலம் வரை தாங்குவான் என்று கணக்குப் போட்டேன். முதல் உருட்டலிலேயே விழக்கூடாது என்று பகடையிடம் யார் சொல்வது?

விழுந்தது.

"அண்ணே! இருபதுண்ணே! இருபது விழுந்துருச்சு!" மகேஸ்வரி நாற்காலி மேல் ஏறி நின்றாள்.

"இன்னாடா இது? உன் பூதம் இன்னும் வாயே தொறக்கல, அதுக்குள்ள காலியா?" ஆரோக்கியராஜ் விழுந்து விழுந்து சிரித்தான்.

என் வசனங்கள்! என் கண்ணாடி! நான் என்ன செய்திருக்க வேண்டும்? தோற்றுப்போய்ச் சிரித்திருக்க வேண்டும். கோமாளிக்கு அதுகூடவா வராது? நானோ பையிலிருந்து வெர்னியரை எடுத்தேன்.

"அடப்பாவி, அத்த இங்கயுமா எத்துனு வந்த?" என்றான் ஆரோக்கியராஜ்.

அவள் பகடையின் எதிரெதிர் முகங்களை அளந்தேன். மயிரிழை வித்தியாசம். எந்தப் பகடையிலும் இருக்கும். எவ்வளவு வரை சரி என்று சொல்ல, ஆலையில் இருப்பதுபோல் அளவு குறித்த வரைபடம்கூடக் கிடையாது. வரைபடம் இல்லாமல் எதையும் தள்ளக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

"ரிஜெக்ட்."

விளையாட்டுக் குரலில்தான் சொன்னேன் என்று இன்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பழகிய நாக்கு... அது லைனில் வரும் அதே குரலில்தான் வந்தது. என் பகடையைக் கொடுத்து மறுபடி உருட்டச் சொன்னேன். நான்கு விழுந்தது. ராட்சசன் தன் வசனத்தை முழுதாகப் பேசிவிட்டு வேங்கையின் மேல் காலை வைத்தான். நன்றாகத்தான் பேசினான். கைதட்ட ஆளில்லை.

மகேஸ்வரி நாற்காலியை விட்டு இறங்கினாள். பச்சைப் பகடையை என் பக்கம் நகர்த்தினாள்.

"ரிஜெக்ட் பீஸ் உங்க சிவப்புப் பெட்டியிலதான சார் இருக்கணும்? வச்சுக்கங்க."

அதுவரை அண்ணே. அன்றிலிருந்து சார்.

வீட்டுக்குப் போய் டம்ளரில் உப்பைக் கொட்டிக் கரைத்தேன். கெட்டியான உப்புத் தண்ணீரில் பகடை மிதக்கும். எடை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தால் எத்தனை முறை சுண்டிவிட்டாலும் ஒரே எண் மேலே வரும். அவளுடையது ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் காட்டியது. என்னுடையது பிடிவாதமாக ஏழாம் எண்ணையே காட்டியது. ஆலையில் ஒரே அளவு வந்துகொண்டிருந்தால் பொருள் நல்லது. பகடையில் ஒரே எண் வந்துகொண்டிருந்தால் பொருள் கெட்டது. இத்தனை நாள் எல்லோரையும் கெட்ட பகடையால் ஆட்டி வைத்தவன் நான்தான்!

சொன்னேனா? இல்லை. அவள் வருவதை நிறுத்தினாள், அப்போதும் சொல்லவில்லை. லைனில் ட்ரேயை என் மேசையில் வைத்து, முகம் பார்க்காமல் நிற்பாள். நான் அளப்பேன். அவள் காத்திருப்பாள். ஆரோக்கியராஜ் மட்டும் ஒருநாள் கேட்டான்: "அந்தப் பொண்ணு ஏன்டா வர்றதில்ல?" ஓவர்டைம் இருக்கும் என்றேன். சரளமாக!

போன வாரம் அவளுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். முதலில் இரண்டு ஜோக் எழுதி அழித்தேன். பிறகு சிரிப்புப் பொம்மையையும் அழித்தேன். மிச்சமிருந்தது இவ்வளவுதான்: 'அன்னைக்கு நான் பொய் சொன்னேன். உன் பகடையைத் தண்ணியில போட்டு செக் பண்ணிட்டேன். அது ஓகே. ராட்சசன் செத்தாச்சு. வேங்கை உயிரோட இருக்கா. ஞாயித்துக்கிழமை வா.'

இரண்டு டிக்கும் நீலமாகின. 'டைப்பிங்' என்று வந்தது, நின்றது, மறுபடி வந்தது. பிறகு பதில்:

"ஓகே சொல்ல நீங்க யாரு?"