நொச்சித் தூர்

போன மாதம் ஓடைக்கரையில் நொச்சி நடச் சொல்லி எங்கள் ஊருக்கு ஜீப்பில் ஆட்கள் வந்தார்கள். சிமெண்டுச் சுவர் ஒரு பெருவெள்ளத்தில் பெயர்ந்துவிடும், நொச்சி வைத்தால் வேர் பின்னி மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்று அவர்களில் ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள். இது உங்களில் யாருக்காவது முன்பே தெரியுமா என்றும் கேட்டாள். நான் கடைசியில் உட்கார்ந்திருந்தேன். தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தலையைக் குனிந்து புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் சாமைக்காடு ஓடைக்கு மேலே சரிவில் இருந்தது. காட்டுக்கும் ஓடைக்கும் நடுவில் கரை நெடுக நொச்சிப் புதர். அதை வைத்தவள் அத்தை, அப்பாவுக்கு அக்கா. புருஷன் செத்த பிறகு எங்களோடு வந்து இருந்தாள். ஒவ்வொரு மழைக்கும் நாலு குச்சியை ஒடித்து ஈரத்தில் ஊன்றிவிட்டு வருவாள். நொச்சியை ஆடு கடிக்காது, அதனால் வேலியும் வேண்டியிருக்கவில்லை. அக்காவின் சீதனக்காடு என்று சித்தப்பா கேலி செய்வார். உன் பொண்டாட்டி வந்தால் அதிலும் பாகம் கேட்பாள் என்று அத்தை திருப்பிக் கொடுப்பாள்.

அந்த வருஷம் வைகாசியில் சித்தப்பாவுக்குக் கல்யாணம். அதற்குள் அவருக்கு ஒரு வீடு கட்ட வேண்டும். எங்கள் பக்கம் அப்போது சுவர் என்றால் குச்சிகளை நெருக்கி நட்டு, குறுக்கே மூங்கில் பிளாச்சு கட்டி, இரண்டு பக்கமும் மண் அப்புவதுதான். குச்சிக்கு அத்தையின் நொச்சியை வெட்டிக்கொள்ளலாம் என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது.

பங்குனியில் ஒரு நாள் காலை, சந்தவாசல் பக்கம் கரும்பு வெட்ட ஆள் கூட்டிப்போக மேஸ்திரி வந்துவிட்டார். அப்பாவும் அம்மாவும் சித்தப்பாவும் கல்யாணத் துணி எடுக்கக் கண்ணமங்கலம் போயிருந்தார்கள். வீட்டில் நான் மட்டும்தான். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

"டேய், உங்கப்பன் வந்ததும் நான் சொன்னேன்னு சொல்லு. குச்சி எவ்ளோ வோணுமோ வெட்டிக்கட்டும். வேரோட அடித்தூர மட்டும் தோண்ட வாணாம். மறந்துடாத."

நான் மறக்கவில்லை. சாயங்காலம் அவர்கள் வந்தபோது சொல்லத்தான் கதவோரம் போய் நின்றேன். துணியைப் பார்க்க ஊரே வந்திருந்தது. சித்தப்பாவின் கூட்டாளி ஒருவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னாடா, பொண்ணு பாக்க வந்தவனாட்டம் கதவப் புடிச்சிகினு நிக்கிற?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நான் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் போனால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று பயம் வந்தது. அப்படியே நாலைந்து நாள் போய்விட்டது.

குச்சி வெட்டி முடிந்ததும் கரை மொட்டையாகக் கிடந்தது. வீட்டுக்கு இன்னொரு வயிறு வரப்போகிறது, தூரையும் எடுத்துவிட்டால் அந்தப் பட்டையிலும் சாமை போடலாம் என்று அப்பா கணக்குப் போட்டார். அதில் தப்பொன்றும் இல்லை, அவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கடப்பாரையால் அவரும் சித்தப்பாவும் நெம்ப, தூர்களை நான்தான் வீட்டு வாசலுக்குச் சுமந்தேன். கல்யாணச் சமையலுக்கு விறகாகும் என்றார்கள். என் பிள்ளை ஆளாகிவிட்டான் என்று அப்பா தலையைத் தடவினார். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். தடவிய கை எடுபட்டுவிடும் என்று தோன்றியது.

சித்திரையில் ஒரு மத்தியானம் கோடை மழை கொட்டியது. ஓடை சிவப்பாக, கரையைத் தாண்டி வந்தது. மழை விட்டு ஓடிப்போய்ப் பார்த்தபோது காட்டின் கீழ்ப்பாதி இல்லை. கழுவி வைத்ததுபோல் பாறை தெரிந்தது. மழையை யார் தடுக்க முடியும் என்று சொல்லிக்கொண்டு அப்பா வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

பத்து நாள் கழித்து அத்தை வந்தாள். கையெல்லாம் கரும்புத் தோகை அறுத்த கோடுகள். எனக்கு ஒரு கட்டி வெல்லம் கொண்டுவந்திருந்தாள். வாசலில் குவிந்திருந்த தூர்களை முதலில் பார்த்தாள். பிறகு கரைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அப்பங்கிட்ட சொன்னியா?"

வாயில் வெல்லம் இருந்தது. "சொன்னேன் அத்த."

"அதுக்கு இன்னா சொன்னான்?"

அப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் நினைக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தச் சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது.

"சிரிச்சாரு."

அத்தை பாறைமேல் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கல்யாணத்தில் எல்லா வேலையும் அவள்தான் இழுத்துப்போட்டுச் செய்தாள். ஆனால் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு ஆறுகிறது, மாடு அவிழ்ந்துவிட்டது என்று எதுவானாலும் அப்பாவிடம் சொல்லச் சொல்லி என்னைத்தான் அனுப்புவாள். அந்தச் சேதிகளில் ஒன்றைக்கூட நான் தவறவிடவில்லை. அடுத்த மழையில் அறுந்த கரை நெடுகத் திரும்பவும் குச்சி ஊன்றினாள். பிறகு சந்தவாசல் பக்கமே வேலைக்கென்று இறங்கிப்போனவள், மூன்றாம் வருஷம் காய்ச்சலில் அங்கேயே போய்விட்டாள்.

அக்காவுக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று அப்பா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். புது வீட்டைத் தம்பிக்குக் கொடுத்ததில் வருத்தமோ என்று அவருக்கு நினைப்பு. படுக்கையில் விழுந்த பிறகும் ஒருமுறை கேட்டார். நான் கால்மாட்டில் நின்றிருந்தேன். அப்போதும் சுற்றி நாலு பேர் இருந்தார்கள்.

அவள் ஊன்றிய நொச்சி இப்போது ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. வேரடியில் வண்டல் சேர்ந்து, பாறை மூடிப்போன இடத்தில் நாலு சால் சாமை விதைக்கிறேன். அத்தை மண்ணுக்காகத்தான் அழுதாள் என்று அன்றைக்கு நினைத்தேன். மண் திரும்பி வந்துவிட்டால் அப்பாவோடு பேசிவிடுவாள் என்று, ஒவ்வொரு மழை விட்டதும் ஓடிப்போய் அந்தப் பாறை மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.