அரசரின் படத்துக்குக் கீழே

யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேணுக்கு எங்களோடு இருக்க வந்த அக்கா, பெட்டிக்குள்ளிருந்து முதலில் எடுத்தது கம்பளிச் சட்டையை அல்ல. முப்பதுகளில் பள்ளிச் சிநேகிதிகள் எழுதிக்கொடுத்த ஓட்டோகிராப் புத்தகத்தை. திறந்ததும் பழைய மாப்பசை வாசம் அடித்தது. உடனே தொடங்கிவிட்டா.

"தங்கத்தின்ரை பக்கத்தை ஐயாட்டைக் காட்டிக் குடுத்தவன் நீதான்."

நாற்பது வருஷமாக இதே கதை! எனக்கு அப்போது ஏழு வயது. ஐயா வெள்ளைக்கார அரசாங்கத்தின் கச்சேரியில் கிளாக்கர். பின்னேரம் வந்தால் கோட்டைக் கழற்றுமுன்னரே கதிரையில் இருந்து எங்கள் புத்தகங்களைச் சோதிப்பார். அக்காவின் உயிர்ச்சிநேகிதி தங்கமோ கதர் மட்டுமே கட்டுகிறவள். அந்நியத் துணியை உடுக்காதே என்று அவள் எழுதிக்கொடுத்த அன்றே, அக்கா முழுவதும் வாசிக்குமுன், ஐயா அதைக் கண்டுவிட்டார். வேலை போய்விடும் என்ற பயத்தில், பேப்பரில் வந்த இங்கிலாந்து அரசரின் படத்தை வெட்டி அந்தப் பக்கத்தின்மேல் அழுத்தி ஒட்டினார். தங்கம் அதற்குப் பிறகு எங்கள் படலையைத் தாண்டவேயில்லை.

"நான் சொல்லேல்லை அக்கா. எத்தினை தரம் சொல்லுறது?"

"அப்ப ஆர் சொன்னது? கொட்டிலிலை நிண்ட மாடோ?"

பொறுமை போய்விட்டது. புத்தகத்தைப் பறித்துக்கொண்டு குசினிக்குப் போய்க் கேத்தில் ஆவியில் பிடித்தேன். அரசர் மெல்லச் சுருண்டு கழன்றார். மை கலங்கியிருந்தாலும் கதர் வரிகள் தெரிந்தன. அவற்றுக்கும் கீழே, சின்ன எழுத்தில் இன்னொரு வரி. அக்கா கண்ணாடியைப் போட்டுச் சத்தமாக வாசித்தா:

"இதை உன் தம்பிக்குக் காட்டாதே. உடனே ஐயாவிடம் சொல்லிவிடுவான்."