முந்நூற்று முப்பது கோடி வயது மணி ஒன்று

“ஒரு மணிதானே தேவீரம்மா, விட்டுத் தள்ளுங்க. மனசுல வச்சுக்காதீங்க,” என்றார் ஆய்வாளர் ஹொன்னப்பா சார்.

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது தேவீரம்மாவுக்கு. பெங்களூரு ஆய்வுக்கூடம் ஒன்றின் அடித்தளத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கல் நொறுக்குகிறாள். ராமநகரத்துக் குன்றுகளின் கல் என்றால் இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பார், கண்ணாடி போன்ற குவார்ட்ஸ், மினுக்கும் கறுப்பு மைக்கா. அவற்றையெல்லாம் ஒதுக்கி, நொறுக்கியதைச் சலித்து, நீரில் அலசி, காந்தம் காட்டி, நுண்ணோக்கியின் கீழ் ஊசி நுனியால் பொறுக்கினால் ஒரு சிட்டிகை சிர்கான் மணிகள் தேறும். அந்த மணிக்குள் யுரேனியம் மெல்ல ஈயமாக மாறிக்கொண்டே இருக்கும். எவ்வளவு மாறியது என்று அளந்தால் கல்லின் வயது தெரியும்.

இந்த முறை வெளிநாட்டில் அளந்து வந்த முப்பத்தொரு மணிகளில் முப்பதுக்கு வயது இருநூற்று ஐம்பத்திரண்டு கோடி ஆண்டுகள். ஒன்றுக்கு மட்டும் முந்நூற்று முப்பது கோடி.

“இதுக்கு முந்தி நொறுக்கற மெஷின்ல போனது ஹாசன் பக்கத்துப் பழைய கல்லு. அதுலேருந்து ஒண்ணு ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். கட்டுரையில ‘தயாரிப்பில் கலந்தது’ன்னு ஒரு வரி போட்டுடறேன்,” என்றார் சார்.

பதிவேட்டில் ‘மெஷினோட இரும்புத் தாடை கழுவியாச்சு, சலிக்கிற துணி புதுசு’ என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. ஆனால் அந்த வரியை அவள் காலையில் வந்ததுமே எழுதிவிடுவாள், கழுவுவது பிறகுதான். இது அவளுக்கு மட்டும் தெரியும். அந்தத் தேதியும் தெரியும். கணவர் சன்னப்பாவின் பதினோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அது. அன்றைக்கு என்ன செய்தோம் என்பதில் பேருந்தில் ஏறியது வரைதான் நினைவிருக்கிறது. தாடையின் உள்மூலையைத் தேய்த்தோமா? எத்தனை யோசித்தும் அங்கே ஒன்றுமில்லை.

பாதிக் கல் கிடங்கில் மிச்சம் இருந்தது. அதிலும் பழைய மணி இருக்கிறதா என்று பார்க்க, சாரைக் கேட்டு அதைப் பிடதியில் இருந்த தன் வீட்டுக்கு எடுத்துப்போனாள். சந்தையில் புது இரும்பு உரல் வாங்கினாள். ஆய்வுக்கூடத்துச் சாமான் ஒன்றுகூட அந்தக் கல்லைத் தொடக் கூடாது என்பது அவள் கணக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் முற்றத்தில் உட்கார்ந்து இடித்தாள்.

அடுத்த தெருவிலிருந்து அக்கா வந்து எட்டிப் பார்த்தாள்.

“என்னடி இது, ராகி தீர்ந்து போச்சா? கல்லுல களி கிண்டப் போறியா?”

“உனக்கும் ஒரு உருண்டை வைக்கறேன், உக்காரு.”

“பல்லு இருக்கறது நாலு, அதையும் எடுத்துக்கப் பாக்கறியா?” அக்கா அவள் பக்கத்தில் குந்தினாள். “தனியா இருக்க வேணாம்னுதானே எங்க வீட்டுக்குக் கூப்பிடறேன்.”

“வேலை இருக்கு அக்கா.”

அக்கா போனபின் முற்றத்தில் உலக்கைச் சத்தம் மட்டும் கேட்டது. சாயங்காலம் எஃகுத் தட்டில் தூளை அலசினாள். சன்னப்பா இருந்தால், தண்ணீர் ஊற்றிக்கொண்டே வானொலியை விட அதிகமாகப் பேசியிருப்பார்.

ஆறு ஞாயிறுகள் போயின. மதிய இடைவேளையில் ராகி ரொட்டியையும் பேயெள்ளுப் பொடியையும் அப்படியே மூடி வைத்துவிட்டு, மணிகளை எண்ணெய்ச் சொட்டில் போட்டு, ஆய்வுக்கூட நுண்ணோக்கியில் ஒளி விட்டுப் பார்த்தாள். நானூற்றுப் பதினொரு மணிகள். எல்லாம் இருமுனையும் கூரான, தெளிந்த மணிகள். மூன்றில் மட்டும் நடுவே கலங்கலாக, மழுங்கி உருண்ட இன்னொரு மணி. அதைச் சுற்றித் தெளிந்த கூரான உறை.

ஹொன்னப்பா சார் நுண்ணோக்கியிலிருந்து வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

“அந்த முதல் மணியோட படத்தை ஒரு தடவை பாக்கலாமா சார்?”

படத்தில், வயதை அளப்பதற்காகத் துளைத்த குழி சரியாக மணியின் நடுவில் விழுந்திருந்தது. சுற்றிலும் மெல்லிய உறை. அதை யாரும் அளக்கவில்லை. சார் உடனே அளக்க எழுதிப் போட்டார்.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. உறைக்கு வயது இருநூற்று ஐம்பத்திரண்டு கோடி.

“நிலத்தட்டுங்க ஒண்ணையொண்ணு நெருக்கி, கீழேருந்து சூடு ஏறினப்ப பழைய கல்லு உருகியிருக்கு,” என்றார் சார். “எல்லாம் கரைஞ்சு போச்சு, இது மட்டும் கரையல. புதுக் கல்லு உறையறப்ப இது மேலயும் ஒரு சுத்து வளந்துருக்கு. வெளியேருந்து ஒட்டினதா இருந்தா இந்த உறை வராது. உங்க மேல தப்பில்ல தேவீரம்மா. அந்த வரியை அடிச்சுட்டேன்.”

“சரிங்க சார்.”

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அப்படியானால் அன்றைக்கு அந்த உள்மூலையைத் தன் கை தேய்த்துத்தான் இருக்கிறது. மனசு அங்கே இல்லாதபோதும் கை இருந்திருக்கிறது. சொன்னால் சன்னப்பா ஊரையே கூட்டியிருப்பார். வீட்டைத் திறந்து விளக்கைப் போட்டு, உரலை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

மறுநாள் காலை பதிவேட்டைத் திறந்து தேதியை மட்டும் எழுதினாள். தாடையைக் கழற்றிக் கழுவித் துடைத்து, உள்மூலையில் விரலை வைத்துப் பார்த்த பிறகே பேனாவை மறுபடி எடுத்தாள்.