சுவருக்கு ஒரு பாஸ்

எங்கள் குடியிருப்பில் போன மாதம்தான் காம்பவுண்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தோம். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அதில் வட்ட வட்டமாகச் செம்மண் தடங்கள். பொதுக்குழுக் கூட்டத்துக்கு லேட்டாகப் போன குற்றத்துக்காக என்னைச் செயலாளராக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் 'சுவரில் பந்து அடிக்கக் கூடாது' என்ற அறிவிப்பில் நான்தான் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை எடுத்துக்கொண்டு, எதற்கும் ஒருமுறை நேரில் பார்த்துவிடலாம் என்று கீழே போனேன். தடங்கள் இழுபட்டிருந்த சாய்வைப் பார்த்ததுமே அடித்தவன் இடக்கால்காரன் என்று தெரிந்துவிட்டது. பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நானும் இடக்கால்காரன்தான். என்னை உருவாக்கியதே ஒரு சுவர்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருடங்கள். கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் ஆடிய மைதானத்தின் ஒரு பக்கம் முழுக்க, மூடிக் கிடந்த கிடங்கு ஒன்றின் சுவர் ஓடியது. அந்தப் பக்கம் எல்லைக்கோடு போட இடமில்லை. ஆகவே சுவரில் பட்டுத் திரும்பும் பந்து ஆட்டத்தில்தான் இருக்கிறது என்று எங்களுக்குள் ஒரு சட்டம். உலகத்தில் வேறெங்கும் இல்லாத அந்தச் சட்டத்தில்தான் என் புகழ் முழுக்கக் கட்டப்பட்டிருந்தது. எதிரி வந்து நின்றால் பந்தைச் சாய்வாகச் சுவரில் அடிப்பேன். அவனை மறுபக்கமாகச் சுற்றி ஓடினால், திரும்பி வரும் பந்து சரியாக என் காலுக்கு வந்து சேரும். இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும்போது, நானும் லெப்ட் விங்கிலிருந்து ரைட் விங்குக்கு மாறிவிடுவேன். யாரை விட்டுக்கொடுத்தாலும் சுவரை விட்டுக்கொடுக்க மாட்டேன். பையன்கள் எனக்கு வைத்த பெயரே 'செவுரு'.

எனக்குப் பின்னால் லெப்ட் பேக்காக ஆடியவன் ரஃபீக். மார்க்கெட் பக்கம் அவன் அத்தாவுக்கு ஹார்டுவேர் கடை. நான் முன்னால் ஓடிக் கைதட்டு வாங்கிக்கொண்டிருக்கும்போது, நான் காலியாக விட்டுவந்த இடத்தை எல்லாம் அவன்தான் காத்துக்கொண்டிருப்பான். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. விங்கர்கள் பொதுவாகப் பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு கோடை டோர்னமென்ட்டில் என்னைப் பார்த்துவிட்டு, சென்னை லீக்கில் மேல் டிவிஷன் ஆடும் அணி ஒன்றின் கோச் கூப்பிட்டார். அளந்து பேசுகிற மனிதர். "ரெண்டு மேட்ச் தரேன். அதுல காட்டு," என்றார். டீச்சரான என் அம்மா, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சை விட்டுவிட்டு மேட்சுக்குப் போவதா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனாலும் காலையில் பார்த்தால் ஜெர்சி இஸ்திரி போட்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது.

முதல் மேட்சில் கடைசி இருபது நிமிடம் இறக்கினார்கள். பச்சைப் புல், நான்கு பக்கமும் வெள்ளைக் கோடு. பந்து வந்தது. எதிரி வந்து நின்றான். என் கால் என்னைக் கேட்கவே இல்லை. இடப்பக்கம் சாய்வாகத் தட்டிவிட்டு நான் பாட்டுக்கு மறுபக்கம் சுற்றி ஓடிப்போய்க் காத்து நின்றேன். பந்து கோட்டைத் தாண்டி, ஓரத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவரின் காலடியில் போய் நின்றது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் அதையே செய்தேன். கொடியைத் தூக்கிய லைன்ஸ்மேன் பக்கத்தில் வந்து கேட்டார்.

"யாருக்குப்பா அந்தப் பாஸு?"

"செவுத்துக்கு சார்," என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்லக்கூடத் தோன்றவில்லை.

கோச் சிரிக்கவில்லை. "இங்க கோடு மட்டும்தான் தம்பி. அடுத்த மேட்ச்லயும் இப்படின்னா நீ தாம்பரத்துலயே ஆடிக்கலாம்," என்றார். திரும்பி வரும் ரயிலில் கோடம்பாக்கம் வரைக்கும் அழுகையாக வந்தது. பல்லாவரம் தாண்டியபோது கோபமாக மாறிவிட்டது. இந்த வாய்ப்பை விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் தாம்பரத்தில் இறங்கினேன்.

பத்து நாள் இருந்தது. நடந்ததைக் கேட்ட ரஃபீக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மறுநாள் விடிந்ததும் கடையிலிருந்து ஒரு பை சுண்ணாம்புத் தூளோடு வந்தான். சுவரை விட்டு நாலடி தள்ளி, மைதானத்தின் நீளத்துக்குக் கோடு போட்டான்.

"இத்த தாண்டுனா அவுட்டு. செவுர மறந்துடு. இப்போதிக்கு நான்தான் செவுரு."

கோட்டின் மேலேயே நின்றான். நான் அடித்த பந்தை எல்லாம் திருப்பி அடித்தான். நாலு நாள் அப்படியே போனது. ஐந்தாம் நாள் நான் தட்டிவிட்ட பந்தைக் கை கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றான். அது கோட்டைத் தாண்டிப் போனது.

"ஏன்டா அடிக்கல?"

"அங்க வந்து நான் நிக்கப் போறனா மச்சான்? தட்டாத. தள்ளு. கோட்டுக்கு உள்ளயே உருள்ற மாதிரி தள்ளு. அப்பால நீயே ஓடிப் புடி."

தினமும் இருநூறு தடவையாவது தள்ளியிருப்பேன். கணுக்கால் வீங்கி ஷூவுக்குள் நுழைய மறுத்தது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு மறுநாளும் போனேன். எட்டாம் நாள் பந்து கோட்டை உரசிக்கொண்டே ஓடியது, தாண்டவில்லை. ரஃபீக் கையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டுக் கடை திறக்கக் கிளம்பிப் போனான்.

இரண்டாவது மேட்ச். யாரும் கோல் போடவில்லை, கால்மணி நேரம் பாக்கி. எதிரி வந்து நின்றான். தள்ளினேன். பந்து வெள்ளைக் கோட்டுக்கு உள்ளேயே உருண்டது. அவன் சறுக்கி விழுந்து எழுவதற்குள் ஓடிப்போய்ப் பிடித்து, நடுவில் தூக்கிப் போட்டேன். எங்கள் ஆள் தலையால் முட்டி உள்ளே போட்டான். ஆட்டம் முடிந்ததும் கோச் என் தோளில் கை போட்டார்.

"பத்து நாள்ல இது எப்படி வந்துச்சு? யார் சொல்லிக் குடுத்தது?"

அந்த வாரம்தான் அணியின் லெப்ட் பேக் காலை உடைத்துக்கொண்டிருந்தார். கோச் அந்த இடத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ரஃபீக் நின்றிருந்தான்.

"நானே பழகிக்கிட்டேன் சார்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? சுவரும் இல்லாமல், ரஃபீக்கும் இல்லாமல் நானாகவே பெரிய ஆள் என்று ஒரே ஒருவராவது நம்ப வேண்டும் என்று இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. அந்த அணிக்கு நான் நாலு சீசன் ஆடினேன், முட்டி போகும்வரை. ரஃபீக் ஒரு மேட்ச் விடாமல் வந்து வேலிக்கு வெளியே நின்றான்.

அந்த அணி இப்போது இல்லை. மைதானம் இருந்த இடத்தில் நாலு மாடிக் கட்டிடம் நிற்கிறது. சுற்றிலும் இரும்புக் கம்பி வேலி, பந்து அடித்தால் திரும்பி வராது. கிடங்குச் சுவரை இடித்த அன்று ரஃபீக்தான் போன் செய்தான்.

"மச்சான், உன் செவுர இட்ச்சிகினு கீறானுங்கடா."

என்ன தோன்றியதோ, சொல்லிவிட்டேன். "ரஃபீக், அன்னிக்கு யார் சொல்லிக் குடுத்ததுன்னு கோச் கேட்டார்டா. நான் உன் பேரச் சொல்லல."

அந்தப் பக்கம் ஜேசிபி உறுமிக்கொண்டிருந்தது. பெரிதாக ஏதோ சரிந்து விழுந்தது.

"இன்னாடா சொன்ன? ஒண்ணியும் கேக்கல. அப்பால சொல்லு," என்றான்.

சுவர் விழுந்து பல வருடம் ஆகிறது. நான் இன்னும் சொல்லவில்லை.