ஹுன்னஸ்கிரியவுக்கு அப்பால் ஒரு பாங்கு

போன மாரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மஹியங்கனை ஆஸ்பத்திரியில் என் மகள் சுமையா குறைமாதத்தில் ஓர் ஆண் குழந்தையைப் பெற்றிருந்தாள். குழந்தை மூச்சுக்குத் திணறியது. நான் கண்டியில் இருந்தேன். எங்களுக்கு இடையில் மழையும் மலையும்.

பல வருடங்கள் பிள்ளையில்லாமல் இருந்தவள். பேரப்பிள்ளையைக் காணாமலே என் மனைவி மௌத்தானார். மருமகன் கட்டாரில். குழந்தையின் வலது காதில் தொழுகைக்கான அழைப்பாகிய பாங்கும், இடது காதில் இகாமத்தும் சொல்ல நான்தான் போகவேண்டும். விடிகாலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு சுமையா தொலைபேசியில் பேசியபோது, ஆசை மிகுதியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன்.

"நான் வார வரைக்கும் வேற யாரும் பாங்கு சொல்ல வேணாம், மகள்."

"சரி வாப்பா. கெதியா வாங்க."

மழைக் காலத்தில் விசாரிக்காமல் நான் வண்டியை எடுப்பதில்லை. அன்றும் வானொலியில் மண்சரிவு அறிவித்தலைக் கேட்டேன். தெல்தெனியவில் கடை வைத்திருக்கும் நண்பருக்குப் பேசினேன். பஸ் ஓடுகிறது என்றார். வேன் ஓட்டிய மச்சான் ரஸீன் சிரித்தார். "மச்சான், நீங்க மேகத்துக்கும் போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் வெளிக்கிடுவீங்க போல."

ஹுன்னஸ்கிரியவைத் தாண்டியதும் பொலிஸார் மறித்தார்கள். சற்று முன்புதான் மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. விசாரித்தது பொய்யில்லை. விசாரித்த பிறகு மலை இறங்கிவிட்டது, அவ்வளவுதான். சுற்றுப்பாதைகளும் மூடியிருந்தன. சுமையாவின் தொலைபேசி வேலை செய்யவில்லை.

அப்போதுதான் என் வார்த்தை என்னை உறுத்தத் தொடங்கியது. அந்தப் பிள்ளை பாங்கைக் கேட்காமலே போய்விட்டால்? வேண்டாம் என்று தடுத்தவன் நான். அதை மாற்றிச் சொல்லவும் வழியில்லை.

நண்பகல் ளுஹர் தொழுகை நேரமானது. பாதையோரத் தேத்தண்ணிக் கடைக்காரப் பெண், தேயிலைத் தோட்டத்து ஆள், நெற்றியில் திருநீறு. நாங்கள் இடம் தேடுவதைக் கண்டு, "உள்ள வந்து தொழுதுக்குங்கய்யா. மழையில எங்க போவீங்க?" என்று கோதுமை மாச் சாக்குகளை ஒதுக்கி, பாயை விரித்துத் தந்தார்.

தொழுதுவிட்டுக் கையேந்தித் துஆக் கேட்டேன். முதலில், "யா அல்லாஹ், பாதையைத் திற" என்றே கேட்டேன். பிறகு அழுகை வந்தது. "நான் போகாவிட்டாலும் பரவாயில்லை. யார் வாயாலாவது அந்தப் பிள்ளைக்கு உன் பெயரைக் கேட்கச் செய்" என்றேன். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது அவனுக்குத் தெரியும்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குச் சற்று முன் மழை விட்டது. மண்ணை ஒதுக்கி, ஆட்கள் மட்டும் நடந்துபோக ஒரு வழி செய்தார்கள். அந்தப் பக்கம் பஸ் நின்றது. மச்சானை வேனோடு விட்டுவிட்டு, முழங்கால்வரை சேற்றோடு நடந்தேன்.

ஆஸ்பத்திரியில் சுமையா என்னைக் கண்டதும் அழுதாள். "கோவிக்காதீங்க வாப்பா. ளுஹர் நேரம் புள்ளைக்கு மூச்சு நிக்கப் பார்த்திச்சு. எனக்குப் பொறுக்க ஏலாம போச்சு. நானே வலது காதுல பாங்கு சொல்லிட்டேன்."

அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

"இடது காதுக்கு இகாமத் சொல்லல்ல. அது உங்களுக்கு வெச்சிருக்கேன்."

தாதி அனுமதி தந்தார். கையைக் கழுவிக்கொண்டு குனிந்தேன். அந்தக் காது என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. பல வருடங்களாக மனதுக்குள் சொல்லிப் பழகியிருந்த இகாமத்தை மெல்லச் சொன்னேன். குழந்தையின் மூச்சு மெல்லச் சீரானது. அல்ஹம்துலில்லாஹ், இன்று அவன் தவழ்கிறான்.

சகோதரர்களே, சகோதரிகளே, மழையில் புறப்படுமுன் பாதையை நன்றாக விசாரியுங்கள். நான் இன்றும் விசாரிக்கிறேன். ஆனால் அல்லாஹ்விடம் கேட்கும்போது, எந்தப் பாதையால் தரவேண்டும் என்று மட்டும் நான் இப்போது சொல்வதில்லை. நீங்களும் அப்படிக் கேட்டுப் பாருங்கள். பாதை மூடியிருந்த அந்த நேரத்தில்தான் என் துஆ எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, என் மகளின் வாயில் பாங்காக இருந்தது.