முனியப்பன் சேவலும் செகண்ட் ஷிஃப்ட்டும்

பவளத்தின் இடக்கையில் சேவல் அடங்கியிருந்தது. வலக்கை வேப்பெண்ணெயில் குழைத்த மஞ்சளை அதன் காலில் தடவிக்கொண்டிருந்தது. செதில்களுக்கு அடியில் பூச்சி புகுந்து கால் தடித்துப் போயிருந்தது. ஆஸ்பத்திரி வார்டில் முரண்டு பிடிக்கும் நோயாளிகளையெல்லாம் புரட்டிப் படுக்க வைத்த கை அது. சேவல் ஒரு தடவை உதறிப் பார்த்துவிட்டு, இந்த அம்மாவிடம் நம் பாச்சா பலிக்காது என்று அடங்கிவிட்டது.

பின்பக்கக் குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹீனா எட்டிப் பார்த்தாள். அடுத்த வீட்டுப் பெண். கல்யாணமாகி வந்து இன்னும் வருஷம் முடியவில்லை.

"பெரிம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க..."

"தப்பா நெனைக்கிற விஷயம்னா சீக்கிரம் சொல்லு கண்ணு. கையெல்லாம் எண்ணெய்."

"அவங்களுக்கு நேத்து பிரஸ்ல கை போயிருக்கும் பெரிம்மா. கண்ணு சொக்கிருச்சாம். பக்கத்து மெஷின்காரர் சட்டையப் புடிச்சு இழுத்தாராம். அல்லா காப்பாத்துனான்."

தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

ஹீனாவின் கணவன் காலித் ஓசூர் சிப்காட்டில் இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிறான். இந்த மாதம் முழுக்க அவனுக்கு செகண்ட் ஷிஃப்ட். கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, சாப்பிட்டுப் படுக்கும்போது நடுநிசி தாண்டிவிடும். கண் அயர்கிற நேரத்துக்குச் சரியாக, ஊர் விழிப்பதற்கு வெகு முன்னாலேயே, இந்தச் சேவல் ஆரம்பித்துவிடும். அப்புறம் விடியும் வரை ஓயாது.

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்னுதான் அவங்க சொன்னாங்க. நான்தான் கேக்காம வந்துட்டேன்."

"நல்ல காரியம் பண்ணுன. போய் அவனுக்கு ஏதாச்சும் சூடா குடு."

நசுங்கின விரல் எப்படி இருக்கும் என்று பவளத்துக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி உத்தியோகத்தில் பாதி அதற்குக் கட்டுப் போட்டே கழிந்தது. கட்டுப் போட விரல் மிச்சமிருந்தால் அது நல்ல நாள். ஓய்வுக்குப் பிறகு வீட்டு நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சியும் எடுத்து, இப்போது காலையில் நாலைந்து வீடுகளுக்குப் போய்ப் படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைத்துவிட்டு வருகிறாள். காலித் அவளுடைய நோயாளியாக வரக்கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சேவலைக் குழம்பில் போட்டால் விஷயம் முடிந்தது. அதற்குத்தான் வழியில்லை. அது முனியப்பனுக்கு நேர்ந்துவிட்ட சேவல்.

நேர்ந்துகொண்டவர் அவள் வீட்டுக்காரர் பாஸ்கரன். கண்புரை ஆபரேஷனுக்கு முந்தின நாள், "கண்ணு நல்லாத் தெரிஞ்சா உனக்கு ஒரு சேவல்" என்று காவேரிப்பட்டினத்துப் பக்கம் இருக்கும் தன் குலசாமியிடம் சொல்லிவிட்டார். கண் நன்றாகவே தெரிந்தது. தெரிந்த கண்ணால் அவர் முதலில் பார்த்தது போனில் வந்த கோழிக்கூண்டு விளம்பரம். பச்சைப் புல்வெளி, வெள்ளை ஜன்னல், சிவப்புக் கூரை, எட்டுக் கோழி தங்கும் என்று எழுத்து. அன்றைக்கே ஆர்டர் போட்டுவிட்டார்.

வந்தது தட்டையான ஒரு அட்டைப்பெட்டி. பலகை, திருகு, ஒரு சின்ன வளைந்த சாவி. மாட்டி முடித்து நிறுத்தியபோது எட்டுக் கோழி என்றது எட்டுக் குஞ்சு என்று புரிந்தது. லைன் வீடுகளின் சொந்தக்காரி நஞ்சம்மா வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "பாஸ்கரண்ணா, இது கோழிக்கா, எலிக்கா?" என்று கேட்டதை அந்த வரிசையில் எல்லா வீட்டிலும் ஒரு வாரம் சொல்லிச் சிரித்தார்கள். இருந்தும் குந்தாரப்பள்ளி சந்தையில் மூன்று பெட்டையும் ஒரு சேவலும் வாங்கி வந்து அதற்குள்ளேயே அடைத்தார். சேவல் உள்ளே தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றது.

பாஸ்கரனுக்கு அது பொறுக்கவில்லை. கம்பெனி ஸ்டோரில் வேலை பார்த்த பழக்கம், கழிவு மரம் எங்கே கிடைக்கும் என்று தெரியும். மெஷின் வந்திறங்கிய பேக்கிங் மரத்தை வாங்கி வந்தார். கூரையைக் கழற்றி, நாலு பக்கமும் கால் கொடுத்துத் தூக்கி, இடைவெளிக்கு வலை அடித்து, உள்ளே உயரமாக ஒரு கம்பும் வைத்தார். சேவல் அதன் மேல் ஏறி நெஞ்சை நிமிர்த்தி நின்றது. "இப்பப் பாரு, ராஜா மாதிரி!" என்றார். நஞ்சம்மாகூட ஒப்புக்கொண்டாள்.

இப்போது அதே நஞ்சம்மா, ஹீனா சொன்னதைக் கேட்டு அன்று மாலையே வந்து நின்றாள்.

"பவளம்மா, அந்தப் பையன் கை போனா யாரு பதில் சொல்றது? ஞாயித்துக்கிழமைக்குள்ள சேவல் இங்க இருக்கக்கூடாது. இல்லன்னா கோழி, கூண்டு எல்லாமே காலி."

"ஆடிப் பூசை வரைக்கும் பொறுத்துக்கோம்மா. சாமி சேவல்" என்றார் பாஸ்கரன்.

"பேடா, பேடா, வேணவே வேணாம்! சாமி சேவல்னா சாமி கோயில்ல கத்தட்டும். எங்க வீட்டு வரிசையில என்னாத்துக்குக் கத்தணும்?"

"அப்போ உங்க அண்ணன் வீட்டுல விடுங்களேன்" என்றாள் பவளம் கணவனிடம்.

"நேந்துகிட்டவன் வீட்டுலதான் வளரணும். அதெல்லாம் உனக்குத் தெரியாது."

தெரியாது என்று அவர் சொன்னால் மாற்றிச் சொல்ல முடியாது என்று அர்த்தம். கூண்டைத் தார்ப்பாயால் மூடிப் பார்த்தாகிவிட்டது; இருட்டுக்குள்ளிருந்தே கத்தியது. இந்தச் சுவரோரமிருந்து அந்தச் சுவரோரம் நகர்த்தியும் ஆயிற்று. அங்கிருந்து சத்தம் எதிர்ச்சுவரில் மோதி இன்னும் நன்றாகக் கேட்டது.

மறுநாள் ஹீனா துணி காயப்போட வந்தபோது பவளம் அவளைப் பிடித்து நிறுத்தினாள். புதிதாக ஒரு தொந்தரவோடு வரும் நோயாளியிடம் கேட்கிற இரண்டு கேள்விகளைத்தான் இவளிடமும் கேட்டாள்.

"இந்தக் கத்தல் எப்பலேர்ந்து? அதுக்கு முன்னாடி என்ன மாறுச்சு?"

ஹீனா கிளிப்பை வாயில் வைத்துக்கொண்டே யோசித்தாள். "வாங்கிட்டு வந்த புதுசுல இல்ல பெரிம்மா. அப்பவும் அவங்களுக்கு செகண்ட் ஷிஃப்ட்தான். நல்லாத் தூங்குனாங்க. பெரியப்பா கூரையத் தூக்குனாரு பாருங்க, அதுக்கப்புறம்தான்."

"அப்போ அது சின்னது. தொண்டை தொறக்கல" என்றார் பாஸ்கரன் உள்ளிருந்து.

"பகல்ல வெளிய விட்டப்போ கத்துச்சே. நீங்கதான் கூடவே கத்திக் காட்டுனீங்க" என்றாள் பவளம்.



அவள் ஒரு முக்காலியைப் போட்டுச் சேவலுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டாள். அது குப்பையைக் கிளறியது, பெட்டையை விரட்டியது, சுவரில் ஏறியது. கத்தும்போதுதான் பார்க்க வேண்டியது இருந்தது. கால் விறைத்து, நெஞ்சு விடைத்து, கழுத்து மேலே நீண்டு, கொண்டை வானத்தைப் பார்த்துப் போன பிறகுதான் தொண்டை திறந்தது. ஒரு தடவையும் குனிந்த கழுத்தோடு கத்தவில்லை. எலிக்கூண்டு என்று ஊர் சிரித்த அந்தத் தாழ்ந்த கூரைதான் காலித்தைத் தூங்க வைத்திருந்தது. சத்தமில்லாததை யாரும் கவனிக்கவில்லை. கூரையைத் தூக்கி அதைக் கெடுத்தது இவர்களேதான்.

"ஏங்க, அந்த ஸ்க்ரூ டிரைவரை எடுங்க. ராஜாவுக்கு ராத்திரிக்கு மட்டும் கூரை எறங்குது."

பாஸ்கரனுக்கு முகம் கறுத்தது. "முனியப்பன் சேவலைக் குனிய வெக்கறதா?"

"சாமி சேவல் குனிஞ்சா என்ன? நீங்க சாமி முன்னால குனியறதில்லையா?"

ஸ்க்ரூ டிரைவர் வந்தது.

மறுபடி கூரையைப் பிரிக்க அவள் விடவில்லை. பகலில் வெக்கை இறங்க அந்த உயரம் வேண்டும். கூண்டுக்குள் குறுக்கே ஒரு தடுப்பு வைத்து சேவலுக்குத் தனி அறை பிரித்தாள். உயரக் கம்பை அந்த அறையிலிருந்து எடுத்துவிட்டு, தரையில் உமி பரப்பினாள். பக்கங்களில் நீளமாகச் சட்டம் அடித்து, ஒரு பலகையை மேசை இழுப்பறைபோல் உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவும் வைத்தாள். அது எந்த உயரத்தில் வரவேண்டும் என்பதுதான் கணக்கு. சேவலைப் பிடித்து நிற்க வைத்து, தரையிலிருந்து முதுகு வரை சாணால் அளந்தாள். உட்கார வேண்டும், திரும்ப வேண்டும், கழுத்தைக் கொஞ்சம் மடக்கி நிற்கவும் வேண்டும். நிமிர மட்டும் கூடாது.

"மூச்சு முட்டாதா?" என்று பாஸ்கரன் கேட்டார். நியாயமான கேள்வி.

"ரெண்டு பக்கமும் வலை, பலகையிலயும் ஓட்டை போடுவோம். படுக்கையில கெடக்கறவங்களை இத்தனை வருஷம் பாத்தவ நான். காத்து வராத எடத்துல ஒரு உயிரை அடைப்பேனா?"

துளை போடும் சத்தம் கேட்டு காலித் வந்து சுவர்மேல் கையை ஊன்றி நின்றான். ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும் நேரம், யூனிஃபார்ம் போட்டிருந்தான். கண்கள் சிவந்திருந்தன. பத்து விரலும் இருக்கின்றன என்பதைப் பவளம் ஒரு பார்வையில் பார்த்துக்கொண்டாள்.

"என்ன பெரிம்மா, சேவலுக்கு மாடி கட்டுறீங்களா?"

"மாடி இல்லப்பா, பரண். நிமிந்தா தலை இடிக்கும். இடிச்சுக் கொண்டை காயமாகாம மெத்துன்னு ஏதாச்சும் ஒட்டணும். என்கிட்ட இருந்த பழைய மெத்தை நைஞ்சுபோச்சு."

அவன் உள்ளே போய், பார்ட்ஸ் பெட்டியில் சுற்றி வரும் வெள்ளை நுரைத் தாளை ஒரு கட்டாகக் கொண்டுவந்து போட்டான். "கம்பெனியில குப்பையில போடறது. ஹீனா தலையணைக்குள்ள அடைக்கலாம்னு எடுத்து வெச்சிருக்கா."

"நீ முதல்ல தூங்கு. அப்புறம் தலையணையப் பத்தி யோசிக்கலாம். இன்னிக்கு ஒரு நாள் கையை மட்டும் பத்திரமாப் பாத்துக்கோ."

"டபுள் டீ குடிச்சுட்டுப் போறேன் பெரிம்மா" என்று சிரித்துக்கொண்டே பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

பலகையின் அடிப்பக்கத்தில் நுரைத் தாளை மடித்து ஆணி வெளியே தெரியாமல் அடித்தாள். ஹீனாவோடு ஒரு ஏற்பாடும் செய்துகொண்டாள்: காலையில் காலித் எழுந்ததும் அவள் நீல பக்கெட்டைச் சுவர்மேல் வைக்க வேண்டும். அதுவரை சேவல் இங்கே சத்தம் போடாது.

பொழுது சாய்ந்ததும் கோழிகள் தாமாக ஏறின. சேவல் உமியில் உட்கார்ந்த பிறகு பவளம் பலகையைத் தள்ளினாள். அது எழுந்தது, தலையால் நுரையை முட்டியது, இன்னொரு முறை முட்டியது, பிறகு முனகிக்கொண்டே உட்கார்ந்துவிட்டது. பாஸ்கரன் மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "முனியப்பா, இது என் யோசனை இல்ல" என்றார்.

மறுநாள் காலையில் பவளத்தை எழுப்பியது கணவன்தான்.

"ஏய், சத்தமே இல்ல! சேவல் போச்சு! சாமிக்கு நான் என்ன பதில் சொல்வேன்!"

அவள் போய் வலை வழியே பார்த்தாள். சேவல் ஒரு கண்ணால் அவளை முறைத்தது. கண் தெளிவு, கொண்டை சிவப்பு, மூச்சு சீர். தொண்டையிலிருந்து 'கர்ர்ர்' என்று ஒரு அடைத்த சத்தம் வந்தது. தண்ணீர் வாங்கப் பானையோடு வந்த நஞ்சம்மா, "ஓ, இதுவா? விடியக்காலம் கேட்டேன். அண்ணன் குறட்டைன்னு நெனச்சுட்டேன். இப்படியே இருந்தா ஆடி வரைக்கும் இருக்கட்டும்" என்றாள்.

பெட்டைகளைத் திறந்து தீனி போட்டாள். வெயில் சுவர்மேல் ஏறியது. பக்கெட் வரவில்லை. பாஸ்கரன் கூண்டுக்கும் சுவருக்கும் நடந்துகொண்டிருந்தார். கடைசியில் ஹீனாவே பதறிக்கொண்டு வந்தாள்.

"பெரிம்மா, அவங்க எந்திரிக்கவே மாட்டேங்கறாங்க!"

"மூச்சு இருக்குதா?"

"குறட்டை விடறாங்க."

"அப்போ என்னாத்துக்கு ஓடியாந்த? விடு, தூங்கட்டும்."

ஆனால் சேவலை அதற்கு மேல் அடைத்து வைப்பது சரியில்லை. பவளம் பலகையை இழுத்து, அது நிமிர்வதற்குள் துண்டால் தலையை மூடி, கழுத்தைத் தன் கைக்கு அடியில் இடுக்கிக்கொண்டாள். தெருக்கோடியில் இன்னும் வீடு கட்டாத காலி மனை வரைக்கும் நடந்து, அங்கே இறக்கிவிட்டுத் துண்டை எடுத்தாள். சேவல் ஒரு உதறு உதறி, கழுத்தை நீட்டி, முந்தின பொழுதிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் மூச்சுவிடாமல் கத்தித் தீர்த்தது. எதிரே சாமான் ஏற்றிக்கொண்டிருந்த டெம்போக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பின்னாலேயே வந்த பாஸ்கரன் கையில் ஒரு குச்சியைக் கொடுத்தாள். "வீட்டுப் பக்கம் வராமப் பாத்துக்கோங்க. கண்ணுதான் நல்லாத் தெரியுதே, இங்கேர்ந்தே சுவரைப் பாருங்க. பக்கெட் வந்ததும் ஓட்டிட்டு வாங்க."

"எவ்ளோ நேரம்?"

"அவன் தூங்கற நேரம்."

வீட்டுக்கு வந்து பலகையைக் கழற்றினாள். எச்சத்தைத் தகட்டால் சுரண்டி, நுரைத் தாளை சோப்புத் தண்ணீரில் துடைத்து, மாலைக்குள் காயும்படி வெயிலில் சாய்த்து வைத்தாள். கையைக் கழுவிவிட்டு, மருந்துப் பையை எடுத்துக்கொண்டு அன்றைய முதல் வீட்டுக்குக் கிளம்பினாள். தெரு திரும்பும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். சுவர்மேல் நீல பக்கெட் இன்னும் வரவில்லை.