எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர்

சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் என் அக்காவைப்போல அடுப்பிடம் எச்சரிக்கையாக இருப்பவர்களை நான் பார்த்ததில்லை. சட்டியின் கைப்பிடி எப்போதும் சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கும். நைலான் துணியோடு யாரும் அடுப்புக்கிட்டே போகக்கூடாது. எண்ணெய் காயும்போது அவள் அந்த இடத்தைவிட்டு நகரமாட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் பிற்பகல் அவள் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். என் ஊரான தங்காக்கிலிருந்து போயிருந்த நான் கூடத்தில் குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரில் இரவு வேலை முடித்து வந்த அத்தான் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. குளியலறையில் அவர்களுடைய மகள் வழுக்கி விழுந்து அலறினாள். அக்கா கரண்டியை அத்தானிடம் கொடுத்தாள்.

"பாத்துக்குங்க. புகை வந்தா அடுப்ப அணைச்சிருங்க."

அவர் பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கண் செருகிவிட்டது. கருகல் வாசம் வந்து நான் எட்டிப் பார்த்தபோது சட்டிக்குள் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அத்தான் திடுக்கிட்டு எழுந்து, பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து ஒரு பேசின் தண்ணீரைத் தூக்கினார்.

"தண்ணி வேணாங்க, மூடியப் போடுங்க" என்று கத்திக்கொண்டே அக்கா குறுக்கே பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள். அதற்குள் ஊற்றிவிட்டார். எண்ணெய் சீறி எழுந்தது. நெருப்பு கூரைவரை போனது.

பக்கத்து வீட்டு மலாய்க்காரர் காரில் வைத்திருந்த தீயணைப்பானோடு ஓடிவந்து அணைத்தார். அத்தானுக்குப் புருவம் கருகியதோடு சரி. அக்காவுக்கு வலது கை முழுவதும் வெந்துவிட்டது, கழுத்தும்கூட. நான் பற்பசையை எடுத்தேன். அவள் சொன்னாள்: "எதையும் பூசாத. பைப்பத் திற."

மருத்துவமனையில் தொடைத் தோலை எடுத்துக் கையில் ஒட்டினார்கள். கட்டு மாற்றும்போது அவள் கத்துவது வராந்தாவரை கேட்கும். அத்தான் படிக்கட்டில் இறங்கிப் போய்விடுவார்.

அக்கா வீடு திரும்பிய பிறகு அத்தான் சமையலறைக்குள் காலே வைக்கவில்லை. சாப்பாடெல்லாம் கடையிலிருந்து கட்டிவரும் பொங்குஸ் பொட்டலம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அக்கா அவரைக் கூப்பிட்டாள். பற்றவைக்காத அடுப்பில் வெறும் சட்டி இருந்தது.

"இப்ப நெருப்புப் பிடிச்சிருச்சு. என்ன செய்வீங்க?"

அவர் மூடியைக் கையில் எடுத்தார்.

"கேஸ மூடுங்க. அப்புறம் மூடிய பக்கத்துலேர்ந்து நகத்தி வைங்க. சட்டியத் தூக்காதீங்க. சூடு ஆறுற வரைக்கும் திறந்து பாக்காதீங்க."

அவர் கையிலிருந்து மூடி நழுவித் தரையில் விழுந்தது.

"இன்னொரு தடவ."

அவள் குரலில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை. மறுபடியும் மூடியை எடுத்தவர் அடுப்பைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"ஒரு தடவயாச்சும் என்னைத் திட்டு லா."

"திட்டினா என் விரல் மடங்குமா? மூடியப் போடுங்க."

உதவிக்கு அங்கேயே தங்கியிருந்த நான் அவர்கள் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன். உள்ளே மூடி சட்டியில் படும் சத்தம் திரும்பத் திரும்பக் கேட்டது.

அந்த விரல்கள் இன்றுவரை முழுதாக மடங்கவில்லை. சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுகிறாள். இப்போது சமைப்பது அத்தான்தான், எதையும் பொரிப்பதில்லை. அவர் அடுப்பைப் பற்றவைத்ததும் அக்கா மகளை அறைக்குள் அனுப்பிவிட்டு சமையலறை வாசலில் வந்து நிற்கிறாள். அவர் அணைத்த பிறகுதான் போகிறாள்.